ஜன்னலோர மேசை

கிட்ட வாங்க, கண்ணுங்களா. அந்தக் கதவை ஒருக்களித்து வையுங்கள், கொஞ்சம் காற்று வரட்டும். கையில் இருக்கிற வேலை எங்கேயும் ஓடிவிடாது. ஓடினால் நானே பிடித்துத் தருகிறேன். இன்றைக்கு ஒரு மேசையின் கதை சொல்லப் போகிறேன். ராஜா உட்கார்ந்த மேசை இல்லை. மூன்று பேர் இருந்த வீட்டுக்கு நாலாவது ஆளாக வந்து, வீட்டை இரண்டாக்கப் பார்த்து, கடைசியில் ஒன்றாக்கிவிட்ட மேசை.

மூன்று பேர் என்றேன் அல்லவா. ஒருத்தி மருமகள். அவளுடைய வேலை கொஞ்சம் விசித்திரமானது. எங்கெங்கோ நடக்கிற வகுப்புகள், கூட்டங்கள். அங்கே ஒருவர் பேசப் பேச, கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத் திரையில் எழுத்தாக ஓடவிடும். ஓடுகிற எழுத்தில் பாதி நொண்டும். இவள் பின்னாலேயே ஓடிப் பிடித்து நிமிர்த்திவிட வேண்டும். காது கேளாத பிள்ளைகள் அதைப் படித்துத்தான் பாடம் புரிந்துகொள்கிறார்கள். ஒரு வார்த்தை தவறினால் ஒரு பிள்ளைக்கு ஒரு வார்த்தை குறையும். அந்த எண்ணம் அவளுக்கு எப்போதும் உண்டு.

பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். இவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் ஏழு இடம் மாறினாள். காலையில் கட்டில். வெயில் ஏறினால் சமையல் மேடையின் ஓரம். அங்கே குழம்பு கொதித்தால் துணி துவைக்கிற மெஷினின் தலை. மெஷின் சுற்ற ஆரம்பித்தால் எழுத்தும் சேர்ந்து ஆடும். குனிந்து குனிந்து, ஒரு நாள் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

டாக்டர் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திரை கண்ணுக்கு நேரா இருக்கணும்மா. இப்படியே குனிஞ்சு பாத்தீங்கன்னா, கழுத்தும் போகும், வேலையும் போகும்."

இரண்டாவது ஆள், கணவன். லிஃப்ட் மெக்கானிக். மூடிப்போன ஓர் அலுவலகத்தில் லிஃப்ட்டைக் கழற்றப் போனவன், அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு மானிட்டர்களையும் ஒரு மேசையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். சாமான் வந்துவிட்டது. வைக்க இடம்? இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. மேசை போட ஏற்ற இடம் ஒன்றே ஒன்று: கூடத்து ஜன்னலோரம். அங்கேதான் மாமியாரின் நாற்காலி.

அந்த மாமியார்தான் மூன்றாவது ஆள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே, பேசுகிறவன் கடன் கேட்கப் போகிறானா கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகிறானா என்று சொல்லிவிடுவாளாம். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளோடு வாய் ஓயாமல் பேசியவள்தான். ஆனால் கொஞ்ச காலமாகப் பேச்சு சுருங்கிவிட்டது. எதிரே போய் நின்றால் ஒரு வார்த்தை வரும். பின்னாலிருந்து கேட்டால் அதுவும் வராது. டி.வி. பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "ஆயுசு பூரா எடுத்தாச்சு, போதும்" என்பாள். எந்நேரமும் ஜன்னலோரம், தெருவைப் பார்த்தபடி.

'நான் என்ன செய்தேன்?' என்று மருமகள் தனக்குள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். கேள்வி பழசாகப் பழசாகப் பதில் தானாக முளைத்துவிட்டது: 'என்னைப் பிடிக்கவில்லை.'

ஆனாலும் கேட்டுத்தானே ஆகவேண்டும். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "அத்தை, இந்த ஜன்னலோரத்துல என் மேசையைப் போட்டுக்கட்டுமா? உங்க நாற்காலி இங்கயேதான் இருக்கும், கொஞ்சம் தள்ளி" என்றாள்.

மாமியார் திரும்பவில்லை. தெருவில் ஒருத்தி குடையை விரிக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே முதுகு.

அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன், "மௌனம் சம்மதம்னு சொல்வாங்க" என்றான்.

"அது கல்யாணப் பொண்ணுக்கு. மேசைக்கு இல்ல."

"சரி, நான் கேக்கட்டுமா?"

"வேணாம். நான் கோள் சொன்ன மாதிரி ஆயிடும்." கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வேலையை நான் விடமாட்டேங்க. அந்த மூலை கிடைச்சா இங்க. கிடைக்கலைன்னா தனி வீடு. ஒண்டுக் குடித்தனமா இருந்தாலும் பரவால்ல."

அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. மேலேயும் கீழேயும் போவது அவனுக்குப் பழக்கம்தான். நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று லிஃப்ட்டில் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் பழைய சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தாள். "வந்து பாக்கட்டும், திட்டினா திட்டட்டும். திட்டாவது காதுல விழட்டும்" என்று மருமகள் மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

மேசையைப் போட்டார்கள். இரண்டு மானிட்டர்களையும் துடைத்து வைத்தார்கள். லேப்டாப்பில் வயர் சொருக இருந்த ஓட்டைகள் இரண்டோ மூன்றோதான். வயர்களோ நூடுல்ஸ் மாதிரி. அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, டாக் என்பார்கள். எல்லா வயரையும் அதில் மாட்டி, அதிலிருந்து ஒரே ஒரு வயரை லேப்டாப்புக்குக் கொடுத்தால் போதும்.

"கூட்டுக் குடும்பம் மாதிரி" என்றான் கணவன்.

அவள் முறைத்தாள். அவன் மேசைக்கு அடியில் போய்விட்டான்.

இரண்டு திரையும் ஒளிர்ந்தன. கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனித்தனியாக வந்தாயிற்று, லேப்டாப்பை மூடி ஓரமாக வைக்கலாம் என்று அவன் மூடினான். மூடியதும் எல்லாம் அணைந்துபோயின.

"என்னடா இது, போர்வையைப் போத்தினதும் தூங்கிடுச்சு?"

"உங்களை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, மூடினாலும் தூங்காதே என்று அதன் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றி வைத்தாள். அப்புறம் இன்னொரு கூத்து. இடது பக்கத் திரைக்குப் போக வேண்டுமென்று மவுஸை இடது பக்கம் தள்ளினால், அம்பு சுவரில் முட்டின மாதிரி நிற்கிறது. வலது பக்கம் தள்ளினால் இடது திரையில் போய் எட்டிப் பார்க்கிறது. திரை இருப்பது இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கம். அதையும் உள்ளே போய் இடம் மாற்றி வைத்தாள். மானிட்டரின் தலையில் கேமராவைச் சொருகினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எழுத்து ஓடுகிற மென்பொருளைத் திறந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, கழுத்து நிமிர்ந்தாச்சு" என்றாள். அத்தனையும் இடது திரையில் பெரிய எழுத்தில் ஓடிற்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, வலியில்லாமல் சிரித்தாள்.

மேசையின் நீளம் போதவில்லை. அதனால் இடது திரை மூலையில் சற்றே திரும்பி, மாமியாரின் நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மாமியார் வந்தாள். வாசலிலேயே நின்று மேசையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஒரு சொல் இல்லை. செருப்பைக் கழற்றி, நாற்காலியைச் சாண் அகலம் தள்ளிப் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட மருமகளுக்கு ஆறியிருக்கும்.

ஹெட்போனைக் கழற்றினாள். அதன் வயரில் இருக்கிற பொத்தானை அழுத்தி மைக்கை மூடினாள். எவ்வளவு வருத்தம் இருந்தாலும் அதை மறக்கமாட்டாள், தொழில் பழக்கம். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியாது. புதிதாகச் சொருகின கேமராவுக்கும் ஒரு காது உண்டு, அதற்குள்ளேயே ஒரு மைக். திறந்த கணத்திலிருந்து மென்பொருள் அந்தக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மூடினது வேறு காதை.

சமையலறை வாசலில் கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய்ச் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை, மாமியாருக்குப் பின்னால் மெதுவாகப் பேசுகிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஏன் விட்டுப்போயிற்று என்று இருவரும் யோசித்ததில்லை.

"பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை இல்ல. நான் அங்க உக்கார்றதே அவங்களுக்குப் பிடிக்கல. நாளைக்கே வீடு பாக்கலாங்க. என்னால முடியல."

"அவசரப்படாத..."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்? அதையாவது சொல்லச் சொல்லுங்க."

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, திரையை நோக்கிக் குனிந்திருந்தாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்:

"யாரும்மா சொன்னா, எனக்குப் பிடிக்கலைன்னு?"

மருமகள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "அத்தை... உங்களுக்குக் கேட்டுச்சா?"

கண் இமைக்கிற நேரம் போயிற்று. திரையில் அந்தக் கேள்வி எழுத்தாக வந்து நின்றது. மாமியாரின் உதடுகள் அசைந்து அதைப் படித்தன.

"கேக்கல" என்றாள். "படிச்சேன்."

மருமகளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது: தெருவைப் பார்த்த முதுகு, எடுக்காத போன், நிறுத்தின டி.வி., எதிரே நின்றால் மட்டும் வந்த ஒற்றை வார்த்தை. எல்லாம் அவள் கண்முன்னால்தான் இருந்திருக்கின்றன, அவள் காரணம் தேடியதுதான் வேறு பக்கத்தில். ஊரிலிருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை குறையக் கூடாதென்று கழுத்தை ஒடித்துக்கொண்டவள், தன் கூடத்தில் மொத்த வார்த்தையும் ஒருத்திக்குக் குறைந்துபோனதைப் பார்க்கவில்லை.

ஓடிப் போய் மாமியாரின் எதிரே, தரையில் உட்கார்ந்தாள். "எப்பலேருந்து அத்தை?"

இந்தக் கேள்விக்குத் திரை வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் மாமியார்.

"மெல்ல மெல்லப் போச்சும்மா. மொதல்ல குருவி, அப்புறம் காலிங் பெல், அப்புறம் உன் குரல். உன்னுது மெல்லிசு, இவனுது கட்டை. இவன் குரல் இன்னும் கொஞ்சம் முணுமுணுங்குது."

"ஏம்மா சொல்லல?" என்றான் மகன், பின்னாலிருந்து. திரை எழுதிற்று. அவள் படித்தாள்.

"காதை வச்சுச் சோறு தின்னவடா நான். எனக்குக் காது கேக்கலைன்னு எந்த வாயால சொல்றது? அதான் ஜன்னல்கிட்ட வந்து உக்காந்துட்டேன். தெரு யாரையும் பதில் கேக்காது."

"மேசைக்கு எடம் கேட்டேனே அத்தை, ரெண்டு தடவை. வாயே திறக்கலையே."

"கேட்டியா?" மாமியார் அவள் கன்னத்தில் கை வைத்தாள். "எனக்கு என்னடான்னா, என்கிட்ட ஒரு வார்த்தைகூட கேக்காம கொண்டாந்து போட்டுட்டீங்களேன்னு மனசு சுருங்கிப்போச்சு. சண்டை போடலாம்னா, நீ பதிலுக்கு என்ன சொல்றேன்னே தெரியாதே. கேக்காத காதை வச்சுக்கிட்டு என்னன்னு சண்டை போடறது?"

மருமகள் அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அழுகையை அந்த மென்பொருளுக்கு எழுதத் தெரியவில்லை. திரை சும்மா இருந்தது.

மகன் தொண்டையைச் செருமினான். "அப்ப இத்தனை நாளா வீட்டுக்கு வந்து நான் கத்தினது, புலம்பினது எல்லாம்?"

படித்துவிட்டு மாமியார் சொன்னாள்: "ஒண்ணும் கேக்கலப்பா. அது ஒண்ணுதான் நிம்மதி."

காது டாக்டரைப் பார்க்கப் போவதென்று அப்போதே முடிவாயிற்று. மாமியார் கொஞ்சம் முரண்டு பிடித்தாள்; காதில் மெஷின் மாட்டினால் சிநேகிதி சிரிப்பாளாம். "அவங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம், சரியாப் போயிடும்" என்றாள் மருமகள். அதைத் திரையில் படித்த மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள்.

தனி வீட்டுப் பேச்சை யாரும் முடித்துவைக்கவில்லை; அதுவே எழுந்து போய்விட்டது. அன்று பகல் சாப்பிட்ட அலுப்பில் மகன் கூடத்திலேயே பாயை விரித்துக் குறட்டை விட்டான். கேமராவின் காது இன்னும் திறந்தேதான் இருந்தது. திரையில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: இசை. இசை. இசை.

மாமியார் மருமகளைத் தொட்டுக் காட்டினாள். "உன் மெஷினுக்கும் என் காதுதான் போலிருக்கு."

அப்புறம் எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திருப்பிப் போட்டாள். இத்தனை காலமும் தெருவைப் பார்த்த நாற்காலி வீட்டைப் பார்த்தது. இடது திரை வேலை நேரத்தில் பிள்ளைகளுக்கு, மற்ற நேரத்தில் அத்தைக்கு என்று மருமகள் பங்கு பிரித்தாள். கழுத்து நேராகவே இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுங்களா, கதை. போய் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யார் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் முகம் உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வரட்டும். வராவிட்டால், எதிரே போய் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்கிற பொறுமை உங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும். அடுப்பும் அணையாமல், பேச்சும் அணையாமல், உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.