எழுமலைக்குக் கொண்டுபோன மாலை

கருவேலங்குளம் என்ற பெயரைக் கேட்டாலே பசுபதிக்கு இப்போது குமட்டுகிறது. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த ஊர் அது. ஊர் என்றால் பஸ் ஏறிப் போய் இறங்குகிற ஊர் இல்லை. இணையத்தில் பலபேர் சேர்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டுக்குள் அவன் கட்டிய ஊர். மதுரையில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. பகலெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குப் படம் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தன் ஊருக்குப் போடுவான். டீக்கடை, ரேஷன் கடை, மினிபஸ் நிற்கிற புளியமரம், கண்மாய்க்கரையில் அய்யனார் என்று ஒவ்வொன்றாக எழுப்ப இரண்டு வருஷம் ஆயிற்று. பெண் ஜாதகத்தோடு வந்த பெரியம்மாவைக்கூட ஹெட்போனைக் கழற்றாமலே பேசி அனுப்பிய மகராசன் அவன்.

அந்த ஊரில் துப்பாக்கிச் சண்டை கிடையாது. வருகிறவர்கள் ஆளுக்கொரு பிழைப்பை எடுத்துக்கொண்டு, கருவேலங்குளத்துக்காரர்களாகவே மைக்கில் பேசிப் புழங்க வேண்டும். ரோல்பிளே என்பார்கள். பெயர் சொந்தப் பெயர்தான், பிழைப்பு மட்டும் மாறும். பசுபதி போட்ட சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குள் நிற்கிறவரை வேஷத்தைக் கலைக்கக்கூடாது. யார் எதைச் சொன்னாலும் ஊர்க்கதை என்று எடுத்துக்கொண்டு கூட நடிக்க வேண்டும்.

நாற்பது பேர் தேறினார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. பசுபதி ஊர்த்தலைவர். டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் முனீஸ்வரி டீக்கடைக்காரி. எழுமலைப் பையன் ஜெயபாண்டி மினிபஸ் டிரைவர். இவர்கள் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் முனீஸ்வரி ஜெயபாண்டியைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய சொந்தத் தம்பி கொரோனா நேரத்தில் திருப்பூரில் செத்துப்போனான். உடம்பைக்கூட வீட்டுக்குக் கொடுக்கவில்லை. வாய்விட்டு அழ ஒரு வாசல் இல்லாமல் போயிற்று என்று ஒருநாள் பசுபதியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சு நடந்தபோது ஜெயபாண்டியும் லைனில் இருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பசுபதிக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் தன்னை ஜெயபாண்டியின் சித்தப்பா மகன் என்றான். உசிலம்பட்டி ரோட்டில் பைக்கும் லாரியும் மோதி ஜெயபாண்டி அந்த இடத்திலேயே போய்விட்டதாகவும், நேற்றே அடக்கம் முடிந்துவிட்டதாகவும் சொன்னான். பசுபதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது பேருக்கும் சொன்னான். மறுநாள் சாயங்காலம் கருவேலங்குளத்தில் ஜெயபாண்டிக்குக் கேதம் நடந்தது, நிஜ இழவு வீட்டைப் போலவே. மினிபஸ்ஸைப் புளியமரத்தடியில் நிறுத்தி மாலை போட்டார்கள். யாரோ ஒருவன் மைக்கில் நிஜப் பறையையே அடித்தான்.

அப்போதுதான் முனீஸ்வரி ஒப்பாரி வைத்தாள். ஊர்ச்சட்டத்துக்காகப் பாடுகிறாள் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டாவது அடியிலேயே தெரிந்துபோயிற்று. 'மேட்டுல நின்னு பாத்தேனே, நீ வரக் காணலியே, கூடப் பொறந்த பொறப்பே' என்று அவள் இழுத்தபோது மற்ற எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டார்கள். இருபது நிமிஷம் பாடினாள். திருப்பூரில் அழாமல் விட்டதையெல்லாம் அன்றைக்கு அழுது தீர்த்தாள். பசுபதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினான்.

அந்த ஒப்பாரியை எவனோ பதிவு செய்து வெளியே விட்டான். பார்த்தவர்களெல்லாம் கருவேலங்குளத்துக்கு வழி கேட்டு வந்தார்கள். நாற்பது நூறாகி, நூறு இருநூறானது. பசுபதிக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் சாயங்காலம் உள்ளே நுழைந்து தெருவில் ஆள் நெரிவதைப் பார்க்கும்போது மனசு ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்கிறவனும் பொய்யனாகிவிடுவான்.

முனீஸ்வரிதான் விடாமல் சொன்னாள், நம்ம ஊர் சார்பாக ஒரு ஆளாவது எழுமலைக்குப் போய் அவன் படத்துக்கு மாலை போட்டு, பெற்றவளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், அவளால் நகர முடியவில்லை. பசுபதி இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான். கேதத்துக்குப் போகிறவன் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டா போவான்? யாருக்கும் போன் போடவில்லை. மாட்டுத்தாவணியில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, உசிலம்பட்டியில் பஸ் மாறி, பதினோரு மணிக்கு எழுமலையில் இறங்கினான். ஜெயபாண்டி வீடு எது என்று கேட்டதும் ஒருத்தர் கையைக் காட்டினார். கேட்டவன் கையிலிருந்த மாலையை மட்டும் ஒரு மாதிரி பார்த்தார்.

வாசலில் ஓர் அம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டியின் தாய் ஜெயக்கொடி. பசுபதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனான். இப்படி ஆகிப்போச்சேம்மா என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"யாருய்யா நீ? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஜெயபாண்டிக்கும்மா. பைக்குல போயி..."

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மகன் அன்று காலையில்தான் பைக்கை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போயிருந்தான். மாலையும் கையுமாக ஒரு அசலூர்க்காரன் வந்து நின்று பைக் என்கிறான், அழுகிறான். பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்? முறம் எகிறியது. மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் மண்ணில் விழுந்து புரண்டாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. ஒரு பெண் பசுபதியின் சட்டையைப் பிடித்து, எங்கே கிடக்கிறான், எந்த ஆசுபத்திரி என்று உலுக்கினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் செத்தவனுக்கு இன்றைக்கு ஏன் ஆசுபத்திரி என்று பசுபதி மாலையோடு திருதிருவென்று விழித்தான்.

கால்மணி நேரம் கழித்து ஒரு பைக் வந்து நின்றது. கறிப் பையும் காதில் இயர்போனுமாக இறங்கினான் ஜெயபாண்டி. தாய் எழுந்து போய்க் கன்னத்தில் இரண்டு வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவன் மாலையைப் பார்த்தான், மாலை வைத்திருந்தவனைப் பார்த்தான். முகத்தில் துளி வெட்கம் இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"தலைவரா? மாலைய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். நேர்லயே வந்துருவீகன்னு நினைக்கலண்ணே."

தெருமுக்கு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். போனில் பேசிய சித்தப்பா மகனும் அங்கேதான் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று பசுபதி கேட்டான். சும்மாதான், நாம் செத்தால் எம்புட்டுப் பேர் வருவார்கள் என்று பார்க்கத்தான் என்றான் ஜெயபாண்டி. சொல்லிவிட்டுப் போனை எடுத்து நீட்டினான். முனீஸ்வரியின் ஒப்பாரி. அதற்கு அடியில் ஒரு குத்துப்பாட்டு மெட்டைப் போட்டு, அவள் மூச்சுத் திணறுகிற இடத்தை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தான். வேறொரு பெயரில் ஊருக்குள் நின்று ஒப்பாரியைப் பதிவு செய்து வெளியே விட்டவனும் அவனேதான். வடை தின்றவன் தொடையில் தட்டிச் சிரித்தான். இதைக் கேட்காமல் இவனுக்குத் தூக்கம் வராதுண்ணே என்றான்.

சீ. சாக்கடையில் விழுந்த காசைக்கூடத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம், இந்தப் பிறவியை எதைக்கொண்டு துடைப்பது? அந்தம்மாவுக்குத் தம்பி செத்துப்போனது உனக்குத் தெரியுமாடா என்றான் பசுபதி.

"தெரியும்ணே. அதனாலதான அம்புட்டு நல்லா வந்துச்சு." ஜெயபாண்டி டீயை உறிஞ்சினான். "கோவப்படாதீக. நாப்பது பேரு இருந்த ஊரு இன்னைக்கு இருநூறு. நான் சாகலேன்னா வந்துருக்குமா? நீங்களும் ஒரு தடவையாச்சும் சந்தோசப்பட்டிருப்பீகல்ல?"

கையை ஓங்கியிருந்தால் பசுபதிக்கு ஆறியிருக்கும். ஓங்க முடியவில்லை. அவன் சொன்னது மூஞ்சியில் அடித்தது. அடுத்துத் தன்னை முனியாகவோ இரட்டைப் பிறவியாகவோ ஊருக்குள் இறக்கலாம், கூட்டம் இன்னும் அள்ளும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான் ஜெயபாண்டி. பசுபதி மாலையைக் கடைக்கு எதிரே இருந்த குப்பைமேட்டில் போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் நடந்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் வாந்தி எடுத்தான்.

மதுரைக்கு வரும் வழியெல்லாம் முனீஸ்வரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. ஊருக்கு முன்னால் உண்மையைப் போட்டு உடைத்து, ஜெயபாண்டி முகத்தில் எல்லாரும் காறித் துப்பும்படி செய்துவிட்டுத்தான் அவளோடு பேசுவது என்று முடிவு கட்டினான். அதுதான் அவளுக்குச் செய்கிற நியாயம் என்று நினைத்தான். தலைவன் புத்தி வேறு எப்படிப் போகும்?

ஆறு மணிக்குக் கருவேலங்குளத்தில் தண்டோரா போட்டு ஊரைப் புளியமரத்தடியில் கூட்டினான். இருநூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். முனீஸ்வரியும் டீக்கடை வாசலில் நின்றாள். மைக்கைப் பிடித்து ஒன்றுவிடாமல் சொன்னான். எழுமலை போனது, தாய் மண்ணில் புரண்டது, ஜெயபாண்டி கறிப் பையோடு வந்து நின்றது, சித்தப்பா மகன், ஒப்பாரிக்குப் போட்ட குத்துப்பாட்டு. இது கதை இல்லை, சத்தியமாக நடந்தது என்று அழுதுகொண்டே முடித்தான்.

முதலில் ஒருத்தன் கை தட்டினான். உடனே எல்லாரும் தட்டினார்கள். தலைவர் பின்னிட்டாரு என்றது ஒரு குரல். செத்தவன் திரும்பி வருகிறானாம், போலீஸ் ஸ்டேஷன் கட்டுங்கள், பிணமில்லாமல் புதைத்த குழியைத் தோண்டுங்கள் என்று ஆளாளுக்கு வேஷத்தில் இறங்கிவிட்டார்கள். நிஜம்டா, நிஜமாகச் சொல்கிறேன் என்று பசுபதி கத்தினான். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. அழுகைகூட என்ன தத்ரூபம் என்று ஒரு புதுப்பெண் மெச்சினாள். அவர்கள் பேரில் என்ன குற்றம்? சட்டத்தை மதித்தார்கள்.

டீக்கடை வாசலில் முனீஸ்வரியைக் காணவில்லை. கைப்பேசி அடித்தது.

"நெசமாண்ணே?" என்றாள்.

"நெசந்தான் முனீஸ்வரி."

ஜெயபாண்டிக்காகப் பள்ளிக்கூடத்தில் தம்பி இறந்துவிட்டான் என்று சொல்லி இரண்டு நாள் லீவு போட்டிருந்ததைச் சொன்னாள். வீட்டில் அவனுக்காக விளக்கு ஏற்றி வைத்திருந்ததைச் சொன்னாள். இம்புட்டுப் பேர் முன்னால் என் அழுகையை இன்னொரு தடவை ஏன் அவிழ்த்துப் போட்டீர்கள், எனக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள். மன்னிச்சிரு என்று பசுபதி முனகினான்.

"எதுக்கு மன்னிப்பு? ஆனா ஒண்ணுண்ணே. நாளைக்கு நீங்க நெசமாவே செத்துட்டீகன்னு யாராச்சும் வந்து சொன்னாலும், இனிமே எனக்கு அழுக வராது."

போனை வைத்துவிட்டாள். பசுபதி ஊரையே அழித்துவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், கண்மாயும் அய்யனாரும் புளியமரமும் போய்விடும். அமுக்கத்தான் கையைக் கொண்டுபோனான். அதற்குள் கண் திரையின் ஓரத்துக்கு, ஊருக்குள் எத்தனை பேர் என்று காட்டுகிற இடத்துக்குப் போய்விட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு. பார்த்துக்கொண்டே இருந்தான். முந்நூற்றுப் பதினைந்து ஆனது.