துடைத்து எடுத்த வெள்ளை

இருபத்தெட்டு வயதில் நான் ஹோவெர்ட்டின் ஓவியப் பட்டறையில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு. லினன் வியாபாரி மகளான எனக்குத் துணியை விலை பேசத்தான் வரும் என்று ஹார்லெம் ஊரே சொன்னது. பேரம் நன்றாகவே வரும். ஆனால் பட்டறையில் ஒரு விஷயத்துக்குப் பேரமே கிடையாது: மாணவர் வரைந்தாலும் கீழே குருவின் பெயர்தான். ஓவியர் சங்கத்தின் விதி.

மூன்று வருடம் என் படங்களின் மூலையில் அவர் பெயரைப் பார்த்தேன். ஒரு படத்திலாவது என் பெயர் வர வேண்டும். வேறு ஆசை இல்லை.

வெள்ளைக் கழுத்துப்பட்டியை எல்லாரும் வெள்ளையை அப்பித்தான் வரைவார்கள். துணி மாதிரி இருக்காது. பாலாடைக்கட்டி மாதிரி இருக்கும். நல்ல லினன் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது அப்பாவின் கடையில் நடை பழகிய எனக்குத் தெரியும். அதனால் தலைகீழாகச் செய்தேன். பலகையில் வெண்பூச்சு, அதன்மேல் மெல்லிய பழுப்பு. அடுப்பருகே வைத்து, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில், பழைய லினன் துண்டால் துடைத்து எடுப்பேன். அடியிலிருந்து வெள்ளை மடிப்போடு எழுந்து வரும். அந்தப் பதம் விரலுக்குப் பிடிபட நூறு பலகை பாழாயிற்று.

"வரையச் சொன்னா பாத்திரம் தொடைக்கறீங்களே, அக்கா" என்று கேலி செய்தார் ஹோவெர்ட். ஆனால் அந்தப் படங்களில் அவர் பெயரை எழுத மறந்ததில்லை.

பீர் ஆலைக்கார விதவை டியூவர் அம்மாளின் படத்தில் மணிக்கட்டில் லினன் மடிப்பு மட்டும் மிச்சமிருந்தது. அவள் வருகிறாள் என்று ஹோவெர்ட் காலையிலேயே அவசரமாய்த் தன் பெயரை எழுதிவிட்டார். கழுத்துப்பட்டியைப் பார்த்து மயங்கியவள், மடிப்பையும் தன் கண் முன்னே, பெயர் போட்டவர் கையாலேயே வரையச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

ஹோவெர்ட் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

முதல் தடவை அவசரப்பட்டார், எல்லாம் ஈஷிக்கொண்டது. அடுத்த தடவை காத்திருந்தார். காய்ந்துபோன பழுப்பு வர மறுத்தது. மறுபடி பூசி ஓங்கித் துடைத்தார், மரம் தெரிந்தது.

"தம்பி, வரையறியா, துவைக்கறியா?" என்றாள் டியூவர் அம்மாள்.

துண்டு சரியில்லை, காற்றில் ஈரம் என்று அவர் சொல்லியிருக்கலாம். விற்கிறவன் வாயில் அப்படி நாற்பது சாக்கு இருக்கும். அவர் துண்டை என்னிடம் நீட்டினார்.

வெண்பூச்சைச் சரிசெய்தேன். அடுப்பருகே அது காய்ந்ததும் பழுப்பு பூசினேன். விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டே துடைப்பு. டியூவர் அம்மாள் தன் மணிக்கட்டைப் படத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, கையைச் சட்டென்று மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். படத்து லினன்தான் ஒசத்தி.

ஹோவெர்ட் துண்டை வாங்கி எண்ணெயில் நனைத்து, மூலையில் இன்னும் காயாத தன் பெயரை ஒரே இழுப்பில் துடைத்தார்.

"இது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா தொடைக்க வருது. எழுதுங்க, அக்கா. சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"என் பேரைவிடப் பெரிசா இருக்கே."

"உங்க பேரு எங்க இருக்கு வாத்தியாரே, அளந்து பாக்க?"

முதலில் சிரித்தவர் அவர்தான்.