சாம்பவி பாடமாக்கிய மருந்துகள்

"இதயத் துடிப்பைக் குறைக்கும் பீற்றா புளொக்கர்: அற்றெனலோல், மெற்றோப்ரொலோல்..."

"லொள், லொள்! வீட்டுக்குள்ள நாய் வளர்க்கிறமெண்டு கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிக்கப்போறான். வாயை மூடு!"

"மூடேலாது அத்தான், சோதனைக்கு வரும். ப்ரொப்ரனலோல்..."

"நீ படிச்சுக் கிழிச்சது காணும்! லொள்..."

மூன்றாவது பெயரோடு சாம்பவியின் புருஷன் கிருபானந்தனின் இதயத் துடிப்பு பாதியாகக் குறைந்தது. சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடியே அவன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு மாடி வீட்டின் குசினிக்குள், 2004ஆம் ஆண்டு பனிக்காலத்தில் இது நடந்தது. சாம்பவி அப்போதுதான் மருந்தக உதவியாளர் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் பாடமாக்குவதென்றால் வாய்விட்டுத்தான். மனதுக்குள் படிப்பவளைப் படிக்கிறாள் என்று யாரும் நம்பமாட்டார்கள். மருந்து வகையின் பெயரையும் அதற்கு மூன்று உதாரணங்களையும் அவள் பிழையில்லாமல் சொன்னால், அந்த மருந்து கிருபானந்தனின் உடம்பில் வேலைசெய்தது. ஒரு பெயர் பிசகினாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே அவள் விடைகளைப் புரட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்க்கத் தொடங்கினாள்.

சலம் போக்கும் மருந்துகளைப் படித்த கிழமை, டெக்காறி நெடுஞ்சாலை நெரிசலில் அவன் தான் வாடகைக்கு ஓட்டிய டாக்சியின் இருக்கையை நனைத்தான். இரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரில், எனாலப்ரில், லிசினோப்ரில் பனிக்காலம் முடியும்வரை வறட்டு இருமலாக நின்றன. டயஸிபாம் வகைக்கு வந்த நாளில், பின்சீட்டில் ஆளை வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கில் குறட்டை விட்டான். முதலாளி டாக்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தான். பாடம் பஞ்சை மதிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் இருக்கும் சிநேகிதன் பேனாட் வீட்டுக்கு ஓடிப்போனான். தேத்தண்ணி வாய்க்குப் போகுமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். "சாம்பவியக்கா பேதி மருந்துக்கு வந்திட்டா போல," என்றபடி பேனாட்டின் மனைவி துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்தவனுக்கு ஒரே நம்பிக்கைதான் மிச்சம்: அவள் பாஸ் பண்ணிவிட்டால் புத்தகம் மூடப்படும். அதற்காகத் தானே சோறு காய்ச்சினான். அவளுடைய சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டினான். 'நீ' என்பதை விட்டு 'நீர்' என்று கூப்பிட்டான். நோவுக்கான மருந்துப் பாடம் வருமென்று பிளக்கும் தலையோடு காத்திருந்தான். அது வந்தபோது அவள் இப்யூப்ரொபென், நப்ரொக்சன் என்று சரியாகத் தொடங்கி, ஊர்ப் பழக்கத்தில் பரசிற்றமோல் என்று முடித்தாள். தலையிடி அசையவில்லை.

"ஐயோ, இஞ்ச அதுக்கு வேற பேர், சாம்பவி!"

"அப்ப சொல்லுங்கோவன்."

"ரைலனோல்."

"அது பெட்டியில போடுற பேர். சோதனைக்குச் செல்லாது."

பரசிற்றமோலுக்கு இந்த நாட்டுப் பெயர் அசிற்றமினோபென் என்பது அவளுக்கு முதல் வாரமே தெரியும். அந்தப் பெயரை அவள் தெருவில் நடக்கும்போது சொன்னாள், வகுப்பில் சொன்னாள். வீட்டில் நோவு மருந்து வகையோடு சேர்த்து ஒருநாளும் சொல்லவில்லை.

வைகாசியில் முடிவு வந்தது. கிருபானந்தன் கேக் வாங்கி வைத்திருந்தான். எல்லாப் பாடமும் பாஸ், ஒன்றைத் தவிர. அவள் அவசரப்படாமல் கேக்கைத் தின்று முடித்தாள். கைகழுவி வந்து, பிரிக்காத கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். இத்தனை மாதப் பழக்கத்தில் அவன் தானாகவே கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.

"நஞ்சு முறிவு மருந்துப் பாடம் அத்தான். அது வேலைசெய்யுதோ எண்டு பாக்க, முதல் நஞ்சு ஏறவேணும். எதில துவங்குவம், நீங்களே சொல்லுங்கோ."