முட்டி மடங்கிய மைதானம்

இருபது ஜீன்ஸுக்கு அளந்து கொடுத்த துணியில் இருபத்தொன்று வெட்டிக் காட்டுவார் நம்பிராஜன். காகித அச்சை அப்படி இப்படித் திருப்பிப் போட்டு, மிஞ்சிய இடுக்கில் ஒரு பாக்கெட்டையும் சொருகிவிடுவார். வேலை பார்க்கிற உல்லாஸ்நகரில் அவருக்குப் பெரிய கட்டிங் மாஸ்டர் என்று பெயர். குடியிருக்கிற தாராவிச் சந்தில், பெற்ற பிள்ளையின் ஆட்டத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காத தகப்பன் என்று பெயர். இரண்டும் உண்மைதான்.

மகள் இசக்கிசெல்வி பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஆட இடமில்லாமல் செம்பூருக்குப் பஸ் ஏறிப் போகிற அணி அது. ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டருக்கும் அன்றைக்கென்று பார்த்து அவசர ஆர்டர் வந்துவிடும்.

"இங்கனயே கிரவுண்டு வந்தாலாவது வருவியாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பின்னே? மொத ஆளா நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்தார். கிரவுண்டு எங்கே வரப்போகிறது என்கிற தைரியம்தான்.

புல் வந்துவிட்டது. தாராவிக்கு மைதானம் போட மாநகராட்சி லாரியில் செயற்கைப் புல் சுருள் சுருளாக வந்து இறங்கியது. நீளம் முப்பது மீட்டர், அகலம் பதினைந்து. வெள்ளிக்கிழமைக்குள் இடம் காட்டாவிட்டால் வேறு வட்டாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். சந்துக்காரர்கள் சங்கத்தின் தலைவர் இனாயத்துல்லா தன் தோல் பைப் பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் அலைந்தார். இடம் இருந்தால் வழியில்லை, வழி இருந்தால் இடமில்லை. தாராவியில் காலி இடம் தேடுவதும் மொட்டைத் தலையில் பேன் பார்ப்பதும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை இசக்கிசெல்வி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. மாஸ்டர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆர்டரெல்லாம் நாசமாய்ப் போகட்டும், இந்த முகம் மலர்ந்தால் போதும் என்றிருந்தது. ஓர் அட்டையில் மைதானத்தை அளவாக வெட்டினார். இனாயத்துல்லா கொடுத்திருந்த சந்தின் வரைபடத்தில், இடிந்த கோடவுன் இருந்த காலியிடத்தின் மேல் வைத்தார். பதினெட்டு மீட்டர்தான் அடங்கியது. மிச்சம் அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. காலியிடத்தின் கோடியில், பக்கவாட்டில், பள்ளிக்கூடத்துப் பின்புறம் பன்னிரண்டு மீட்டர் சும்மா கிடந்தது. அட்டையைச் சடக்கென்று மடக்கினார். கச்சிதம்.

"என்ன இது, கிரவுண்டு திரும்பிண்டு போறது?" மறுநாள் இடம் பார்க்க வந்த மாட்டுங்கா மாலதி மேடம், மாநகராட்சி இன்ஜினியர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீளம் பரோபர், சரியா முப்பது மேடம், அளந்து பாத்துக்கிடுங்க. பேண்டு முட்டில மடங்குதுல்லா? அதுக்காவ நீளம் கொறைஞ்சா போவுது?"

மேடம் படிவத்தைப் புரட்டினார். நீளத்துக்கு ஒரு கட்டம், அகலத்துக்கு ஒரு கட்டம். நேராக இருக்கிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

"சரி. ஆனா வளைவுல ஓடி வரவா முட்டிண்டா யார் பொறுப்பு? ஆட்டம் நடக்கறப்போல்லாம் அங்க ஒரு ஆள் நிக்கணும். பேர் சொல்லுங்கோ, எழுதிக்கறேன்."

இனாயத்துல்லா தன் செருப்பை ஆராய்ந்தார். இசக்கிசெல்வி அப்பாவைப் பார்த்தாள்.

"நம்பிராஜன்னு எழுதுங்க" என்றார் மாஸ்டர்.

முதல் ஆட்டத்துக்கு வந்த செம்பூர் பெண்கள் கோலைத் தேடினார்கள். இரண்டு பந்தைப் பள்ளிக்கூடச் சுவரில் அடித்த பிறகுதான், கோல் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர்களுக்குப் பிடிபட்டது. அங்கே நின்ற இசக்கிசெல்விக்குப் பந்தும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. கழுத்தில் இன்ச் டேப்போடு வளைவில் நின்ற அப்பா மட்டும் தெரிந்தார்.

"ஏட்டி, வாராளுவ! நாலு பேரு! எடது பக்கம், எடது பக்கம்!"

அவள் இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கமாக நிதானமாக உள்ளே போய் உட்கார்ந்தது. மாஸ்டர் சொன்னது அவருடைய இடது. முப்பது வருஷமாக இடது காலையும் வலது காலையும் மாற்றாமல் வெட்டிய மனுஷர்!

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. அந்தக் கோலுக்கு வந்த செம்பூர் கீப்பருக்கும் அவர்தான் கத்தினார், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அவளுக்கும் தப்பாகவே சொன்னார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

மாஸ்டர் தலை நிமிரவில்லை. இசக்கிசெல்வி புல்லுக்குள் தூவியிருந்து முழங்கையில் ஒட்டிய கறுப்பு ரப்பர் மணிகளைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"யாரு எடதுப்பா அது?"

"தெரியாம வந்துட்டுட்டி. கோவமா?"

"அடுத்த ஞாயிறு என் எடதைச் சொல்லு, என்னா?" என்று சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, மறக்காமலிருக்க இடது கையில் இறுக்கிச் சுற்றினார். கோலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவிழ்த்து, வலது கையில் சுற்றிக்கொண்டார்.