புக்கிட் தாங்கா மேட்டுக்கு இரண்டு கார்ப்பரேட்டர்

செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற புனிதனிடம் எழுபத்திரண்டாம் வருஷத்து ஜப்பான் கார் ஒன்று இருந்தது. பழைய கார் சங்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங்குக்கு ஊர்வலம் போவார்கள். மூன்று வருஷமாக அவருடைய கார் புக்கிட் தாங்கா மேட்டில் பாதி வழியில் மூச்சடைத்து நின்று, லோரியில் ஏறி வீடு திரும்பியது. அந்தப் படம் வராத கைப்பேசி தோட்டத்தில் இல்லை. மானம் போனது போதும் என்று மனைவி திலகா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் ஏறலன்னா, காரக் கேட்டுக்கிட்டே இருக்கிற அந்த நீலாய்க்காரருக்கு வித்துடணும். சத்தியம் பண்ணுங்க."

புனிதனும் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். செய்த கையோடு, எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்ட, போட்டிக் கார்களுக்குப் பூட்டுகிற இரட்டைக் கார்ப்பரேட்டரை வரவழைத்து, செண்டாயானில் பட்டறை வைத்திருக்கும் ரோகினியிடம் கொண்டுபோனார்.

அடேயப்பா, அந்தப் பெண் வேலை செய்வதைப் பார்க்கவேண்டுமே! பழையதைக் கழற்றினாள். இடையில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டைத் தானே வெட்டினாள். துளைக்குத் துளை விரலை விட்டுத் தடவி, முடியளவு விளிம்பு தட்டினாலும் அரத்தை எடுத்தாள். அவசரம் என்பதே அவளிடம் கிடையாது. நாலு சிலிண்டருக்கு நாலு வாய், ஒன்றுக்கொன்று பொறாமைப்படாதபடி பூட்டி முடித்தாள்.

ஆனால் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது. மூன்று சிலிண்டர் ஓட, நாலாவது செத்துக் கிடந்தது.

ஊர்வலத்துக்கு இன்னும் ஒரே நாள். புனிதன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாயாவது சும்மா இருந்ததா?

"பேசாம சிரம்பான்லயே குடுத்திருக்கலாம்லா. தெரியாம இங்க வந்துட்டேன்."

ரோகினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு வாயருகிலும் பிடித்துக் கேட்டாள்.

"காத்து நாலுலயும் ஒரே மாதிரிதான் போகுது அண்ணே. பெட்ரோல்தான் வரல."

கார்ப்பரேட்டரின் தலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஊசித் துளையில் வெளிச்சம் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இதத் தொறந்தீங்களா?"

புனிதனின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டி வந்த அன்று சாமி மேடையில் வைத்துப் பூஜை போட்டவர் அவர்தான். வண்டிச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் யாராவது பூட்டுவார்களா? வெளியே வைத்ததோடு விட்டிருக்கலாம். உயிர் உள்ளேதானே இருக்கிறது என்று மூடியைத் திறந்து, ஜெட்டுகளுக்கும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து மூடியிருந்தார். அதில் ஒன்று காய்ந்து உதிர்ந்து இந்த ஜெட்டின் துளையை அடைத்துக்கொண்டது.

"நாந்தான்மா," என்றார். "ஒன்னயப் போயி கொற சொல்லிட்டேனே..."

வேறு யாராக இருந்தாலும் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

"சாமி வெளிய இருந்து காப்பாத்தட்டும் அண்ணே, உள்ள நான் பாத்துக்கிறேன்," என்றாள் ரோகினி. எல்லா ஜெட்டையும் கழுவிக் காற்றடித்து மாட்டினாள். கார்ப்பரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, எஞ்சின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டாள். நாலும் ஒன்றாகச் சேர்ந்த நிமிஷத்தில் எஞ்சின் குரலே மாறிவிட்டது. புனிதனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குத் திலகாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழக்கமாக நின்றுபோகும் வளைவு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புனிதன் பெடலை அமுக்கினார். கார் திணறவில்லை, முனகவில்லை. கண்ணைத் திறந்தபோது திலகா மேட்டு உச்சியில் இருந்தாள்.

நிறுத்தியதும் அவள் கைப்பேசி அடித்தது. நீலாய்க்காரர்.

"காரா? எந்தக் காரு?" என்றாள் திலகா. "விக்கிறதுக்கு எங்ககிட்ட காரு ஏதுலா?"

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்க. கிளாவாங் வரைக்கும் நான் ஓட்டுறேன்."