பேட்டரியில் வராத இரைச்சல்

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ரிப்பேர் கடை அது. அக்கா செய்த மைக் ஆம்ப்ளிஃபயரில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல். "உன் சால்டரிங்தான் சரியில்லக்கா" என்றான் தம்பி. அதை நம்பி, சர்க்யூட்டை மறுபடி மறுபடி பிரித்துச் செய்து அலுத்துப்போனாள்.

கடைசியில் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள். இரைச்சல் துளியும் இல்லை.

பவர் சப்ளை தம்பி செய்தது. மூடியைத் திறந்தாள். கரண்டை இரைச்சலில்லாமல் சீராக்க அவள் வாங்கித் தந்த புது கெபாசிட்டருக்குப் பதிலாக, தலை உப்பிக் கெட்டுப்போன பழசு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"புதுசு எங்கடா?"

"என் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியிருந்துச்சு" என்று மென்று முழுங்கினான்.

"எடுத்தது போகட்டும். நான் என் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு கிடந்தேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானடா இருந்த?"

அவன் சால்டரிங் அயர்னை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

வேறு கெபாசிட்டர் போட்டதும் இரைச்சல் அடங்கியது. அதன்பின் அவன் செய்து தரும் எதையும் அவள் திறந்து பார்க்காமல் மாட்டுவதில்லை.