அவள் பேசுகிற கை

மூட்டை தூக்கித் தூக்கித் தோள் மரத்துப் போனவன் அண்ணன்காரன். காது கேளாத தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் வாயாக இருந்ததும் அவன்தான். டாக்டர் எது கேட்டாலும் "ஆமாங்க", "சரிங்க" என்பான். அவள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்துவான். அதோடு அவன் பாஷை தீர்ந்தது.

இன்று அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். நர்ஸ் வலது கையைப் பிடித்து நரம்பைத் தட்டியதும் தங்கச்சி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஊசின்னா பயம் சிஸ்டர். குடல்வால் ஆபரேஷனப்பவும் இதே கூத்துதான். நான்தான் அமுக்கிப் பிடிச்சேன்." உலக்கை போன்ற கையை நீட்டினான்.

"கைய எடுங்கண்ணே." கறுப்புச் சட்டைக்காரி ஒருத்தி கட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள். ஆஸ்பத்திரி புதிதாக வைத்திருக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர். "அவங்க பேசற கை அது. உங்க வாயில பிளாஸ்திரி ஒட்டிட்டுப் பேசச் சொன்னா பேசுவீங்களா?"

சொல்லிவிட்டு அவள் விரல்களை அசைத்தாள். தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் பார்க்கணுமே! பத்து விரலும், புருவமும், கன்னமும், தோளும் ஒருசேரப் பேசின. ஒரு வீட்டில் வளர்ந்தும் இத்தனை பேச்சை அவளிடம் அவன் பார்த்ததில்லை. கறுப்புச் சட்டைக்காரியின் வாயிலிருந்து தங்கச்சியின் பேச்சு வந்தது.

"எனக்கு ஊசிக்குப் பயமில்ல. போன தடவை டிரிப்ஸ்ல ஏதோ மருந்து ஏத்தினாங்க. உடம்பெல்லாம் தடிச்சுது. தொண்டை அடைச்சுது. மூச்சு வரல. சொல்லலாம்னா ஒரு கை அட்டையில கட்டிக் கெடக்கு, இன்னொரு கை அண்ணன் பிடியில. நல்லவேளை, நான் துடிச்ச துடிப்புல குழாய் மடங்கி மருந்து நின்னுபோச்சு. வீட்டுக்கு வந்து தொண்டையப் பிடிச்சுக் காட்டினேன். அண்ணன் ஓடிப்போய் இருமல் டானிக் வாங்கிட்டு வந்துச்சு."

நர்ஸ் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பழைய சீட்டைத் தேடிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அதே மருந்தத்தான் இன்னைக்கும் எழுதியிருக்கேன். சிஸ்டர், டிரேல இருந்து அத எடுங்க. ஏறியிருந்தா உசுரு போயிருக்கும்."

அவன் உட்கார இடம் தேடினான்.

ஊசி இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஏறியது. மொழிபெயர்ப்பாளரும் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தாள். தியேட்டர் வாசலில் தங்கச்சி அவனைப் பார்த்து வலது கையால் ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, இறக்கி வச்ச மூட்டையாட்டம் நிக்காத. போய்ச் சாப்பிடு."

அண்ணே! அவள் அப்படிக் கூப்பிட்டு அவன் காதால் கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. கையில் கட்டைவிரல் ஒன்றுதான் இருந்தது. அதை உயர்த்தினான்.

கதவு மூடியது. சாப்பிடப் போகக் கால் எழவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் ஒரு கை எழுந்தது, வளைந்தது, விரிந்தது. மயக்கம் வரும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள்.